கடல் பிளாஸ்டிக்கைக் குறைக்கப் பணம் கொடுப்பதென்றால் எங்கே கொடுப்பது?

கேள்வி கேட்டவர்: அடையாறுவாசி

வணக்கம். நாங்கள் இருப்பது அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கத்தில் சில பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை கடற்கரைக்குப் போய்க் குப்பை பொறுக்குவோம். இந்த வருடம் ஆண்டு விழாவை எளிமையாக முடித்துவிட்டு, மிச்சமாகும் சில லட்சத்தைக் கடலில் பிளாஸ்டிக் சேர்வதைக் குறைக்கிற ஏதாவது வேலைக்குக் கொடுக்கலாம் என்று பொதுக்குழுவில் முடிவாகியிருக்கிறது.

எதற்குக் கொடுப்பது என்பதில்தான் தகராறு. சின்ன வயதுக்காரர்கள் எல்லோரும் பசிபிக் கடலில் பெரிய வலை போட்டுக் குப்பை அள்ளுகிறார்களே, நெதர்லாந்துக்காரர் போயான் ஸ்லாட் 2013-ல் ஆரம்பித்த அமைப்பு, அதற்கு அனுப்பலாம் என்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும்தான். பெரியவர்கள், நம் வாசலிலேயே குப்பை கிடக்கும்போது பசிபிக் எதற்கு, கையுறையும் சாக்கும் வாங்கி நம் வேலையை மாதம் இரண்டு முறையாக ஆக்கலாம் என்கிறார்கள். இன்னும் சிலர் பள்ளிக்கூடங்களில் விழிப்புணர்வு முகாம், மஞ்சப்பை விநியோகம் என்கிறார்கள்.

என் குழப்பம் வேறு. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கரையில் அலை ஏறி இறங்கும் கோடு முழுக்க ஒரே மாதிரி சாமான்கள்தான்: ஷாம்பு பாக்கெட், மாத்திரை அட்டை, ரப்பர் செருப்பின் அடிப்பாகம், தெர்மாகோல் துண்டு, பால் கவரின் மூலையில் நறுக்கிய குட்டி முக்கோணம், அப்புறம் மணலுக்குள் பாதி புதைந்த வலை. வலையை இழுத்தால் வராது, இழுக்க இழுக்க மணலுக்குள் இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். அள்ளி முடித்த இடத்தில் அடுத்த மழைக்கு அதே சாமான்கள் வந்து கிடக்கின்றன. எங்கே கை வைத்தால் உண்மையிலேயே குறையும்? விஷயம் தெரிந்தவர்கள், கடற்கரை ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

பதில்: உப்புக்காற்று

கடல் அறிவியல் படித்துவிட்டு அந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்த கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன். ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே இருக்கிற அந்தக் குப்பைப் பரப்பு சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டர். கேட்டால் தீவு மாதிரி தோன்றும், ஆனால் கப்பலில் போனால் பெரும்பாலான இடத்தில் வெறும் தண்ணீர்தான் தெரியும், ஏனென்றால் துண்டுகள் அவ்வளவு சிறியவை, அவ்வளவு சிதறிக் கிடப்பவை. 2018-ல் வந்த ஆய்வு அங்கே மிதப்பதை ஏறத்தாழ 80,000 டன் என்று மதிப்பிட்டது. அதில் எடைக்கணக்கில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிலத்திலிருந்து கடலுக்குள் போவது எவ்வளவு? 2015-ல் வந்த ஆய்வு, 192 கடலோர நாடுகளை வைத்துக் கணக்கிட்டு, 2010-ம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் வரை போயிருக்கும் என்றது. 2021-ல் ஆறுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு வருடத்துக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் என்றது. மதிப்பீடுகளுக்குள் இடைவெளி பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் குறைந்தபட்ச எண்ணை எடுத்துக்கொண்டாலும், பசிபிக் பரப்பில் இத்தனை காலமாகச் சேர்ந்து மிதப்பதைப் போலப் பத்து மடங்கு ஒரே வருடத்தில் ஆறுகள் வழியாக உள்ளே போகிறது. பெரும்பகுதி மேலே மிதப்பதும் இல்லை, கரையில் ஒதுங்குகிறது, பாசி படிந்து அடியில் போகிறது, வெயிலில் நொறுங்கித் தூளாகிறது. தூளானதை எந்த வலையாலும் பிடிக்க முடியாது.

போயான் ஸ்லாட்டின் அமைப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2018-ல் முதலில் இறக்கிய மிதவை உடைந்துபோனது, விடாமல் திருத்தி இப்போது நிஜமாகவே டன் கணக்கில் வலைகளை மேலே கொண்டுவருகிறார்கள், அது மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் நீர்மட்டத்திலேயே மிதந்து வாழும் சொறிமீன் (ஜெல்லி மீன்) இனங்களும் ஊதா நத்தைகளும் அதே இடத்தில்தான் சேர்கின்றன, அவற்றையும் சேர்த்து வாரிவிடுவார்களே என்று கடல் உயிரியலாளர்கள் சிலர் கேட்கும் கேள்வியும் நியாயமானது. அவர்களே 2019-லிருந்து ஜகார்த்தா, மலேசியாவின் கிள்ளான் போன்ற இடங்களில் ஆற்றிலேயே குப்பையை மறிக்கும் படகுகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் 2014 முதல் ஆற்றோட்டத்திலும் சூரிய மின்சாரத்திலும் சுற்றுகிற ஒரு சக்கரம் குப்பையை அள்ளிக்கொண்டிருக்கிறது.

2021 ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. ஏதோ பத்துப் பெரிய ஆறுகள்தான் காரணம் என்று முன்பு பேசினார்கள். இந்த ஆய்வின்படி ஆற்று வழிப் பிளாஸ்டிக்கில் 80 சதவீதத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் கொண்டுபோகின்றன, அவற்றில் ஊருக்கு நடுவே ஓடும் சின்ன ஆறுகள் நிறைய. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் எல்லாம் அப்படிப்பட்டவைதானே.

அதனால் என் யோசனை, மாதம் இரண்டு முறை கடற்கரைக்குப் போவதை விட, அதே ஆட்களை ஆவணி புரட்டாசியில் உங்கள் தெருவிலிருந்து ஆற்றுக்குப் போகிற மழைநீர் வடிகாலில் இறக்குங்கள். சென்னைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டுகிறது. எட்டு மாதம் வடிகாலிலும் ஆற்றங்கரையிலும் சேர்ந்து கிடப்பதெல்லாம் முதல் பெருமழையில் ஒரே நாளில் கடலுக்குப் போய்விடும். தை மாதம் கரையில் பொறுக்குவது, ஏற்கனவே போனதில் ஒரு சிறு பங்கு திரும்பி வந்ததைப் பொறுக்குவது. மழை மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கே பார்த்து ஓடும், அதனால் உங்கள் குப்பையில் கணிசமானது மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர் பக்கம் போய்ச் சேரும், அதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

ஆற்றில் மிதக்கும் தடுப்பு போடலாமா என்று கேட்பீர்கள். கூவத்தில் சில வருடங்களுக்கு முன்பே போட்டுப் பார்த்தார்கள். தடுப்பு நன்றாகவே பிடிக்கும், ஆனால் பிடித்ததைத் தினமும் அள்ள ஆள் வேண்டும், வண்டி வேண்டும். இரண்டு வாரம் விட்டால் ஆகாயத்தாமரையும் குப்பையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு ஆளே ஏறி நடக்கிற அளவுக்கு மெத்தையாகிவிடும். கருவி வாங்கித் தர நிறைய பேர் முன்வருவார்கள், அள்ளுகிறவரின் சம்பளத்துக்குக் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. உங்கள் தொகையை அதற்குக் கொடுத்தால் வீணாகாது.

பதில்: பாம்பன் பாலத்தடி

மேலே அண்ணன் 46 சதவீதம் வலை என்று எழுதியிருக்கிறார், அதைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் நாட்டுப்படகுத் தொழில், நானும் மீன்பாடு நல்லா இருக்கிற காலத்தில் கடலுக்குப் போகிறவன்தான்.

வலை கடலில் கிடக்கிறது என்றதும் மீனவன் தூக்கிப் போட்டுவிட்டான் என்று நினைக்கிறார்கள். நல்ல வலையை எவனும் போடமாட்டான், வலை எங்களுக்குக் கடன் வாங்கிச் சேர்த்த சொத்து. போவது எப்படி என்றால், ராத்திரி வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது விசைப்படகு மேலே ஏறி இழுத்துப் போய்விடும். இதற்காகத்தான் எங்கள் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் தனித்தனி நாள் ஒதுக்கினார்கள், இருந்தும் நடக்கிறது. இன்னொன்று, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், திடீரென்று இழுத்து வலை பாரில் போய் மாட்டிக்கொள்ளும். பார் என்றால் எங்கள் ஊரில் கடலுக்கடியில் இருக்கிற பவளப்பாறை. மாட்டியதை இழுத்தால் வலையும் கிழியும் பாரும் ஒடியும். அறுத்துவிட்டு வர வேண்டியதுதான். அறுத்து விட்ட துண்டு அங்கேயே கிடந்து நண்டையும் மீனையும் பிடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இல்லாமல் அவை செத்து, அந்த நாற்றத்துக்கு வேறு மீன் வந்து அதுவும் மாட்டும். பங்குனி ஆமை தலையில் தங்கூசி வலை (மெல்லிய நைலான் நூல் வலை) இறுகி, கழுத்துச் சதைக்குள் நூல் போயிருந்ததைக் கரையில் அறுத்து எடுத்திருக்கிறோம். தங்கூசி நூல் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது, மீன் அதிகம் விழுவது அதனால்தான், ஆமைக்கும் அது தெரியாது.

அப்பா காலத்துக்கு முன்னால் பருத்தி நூல் வலை. காய வைக்காவிட்டால் அழுகிவிடும் என்பதே அப்போது பெரிய கஷ்டம். நைலான் வந்ததும் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. அழுகாது, அதுதான் இன்றைக்குப் பிரச்சினையும்.

கரையில் கிடக்கிற வலை வேறு கதை. வலை பழசானால் கீழே இருக்கிற ஈயக்குண்டையும் மேலே இருக்கிற மிதப்பையும் கயிற்றையும் கழற்றி எடுத்துக்கொள்வோம், அதற்கு விலை இருக்கிறது. மிஞ்சுகிற கண்ணித் துணிக்கு விலை இல்லை. நண்டு வலை இன்னும் மோசம், நண்டைக் கழற்றும்போதே சிக்கலாகிக் கிழிந்துவிடும், சீக்கிரமே புது வலை வேண்டும். பழையது கரையில் குவியும், இல்லாவிட்டால் கொளுத்துவார்கள், அந்தப் புகையை எங்கள் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள். அடுத்த புயலுக்கு மிச்சம் கடலுக்குப் போகும்.

சென்னையில் காசிமேட்டில் பழைய வலையை எடை போட்டுக் காசு கொடுத்து வாங்குகிற நிலையத்தை 2024-ல் அரசு ஆரம்பித்தது. இந்த மாதிரி ஒன்று எங்கள் ஊர் மாதிரி ஒவ்வொரு இறங்குதளத்திலும் வேண்டும். கேரளாவில் கொல்லம் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பக்கம் 2017-லேயே விசைப்படகுகளுக்குப் பை கொடுத்தார்கள். வலை மடியில் மீனோடு வருகிற பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் கொட்டாமல் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவருவார்கள், துறைமுகத்தில் அதைத் துண்டாக்கிச் சாலை போடக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களும் செய்வார்கள், கேட்கிற விதத்தில் கேட்டால். கொண்டு வந்தால் அதைப் போட ஒரு இடம், எடுத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். இப்போது கரைக்குக் கொண்டு வந்தாலும் அது குப்பைமேட்டில் கிடந்து திரும்பக் கடலுக்குத்தானே போகிறது.

பதில்: நீர்கொழும்பு வாசகி

நான் இலங்கை, நீர்கொழும்புப் பக்கம். இங்கே எல்லோரும் பாக்கெட்டையும் வலையையும் பற்றிக் கதைக்கிறீர்கள், எங்களுக்கு வந்தது பாவித்து எறிந்த குப்பையே இல்லை. 2021 மே 20-ம் திகதி எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள். அதில் நைத்திரிக் அமிலம் ஏற்றிய ஒன்று வழியிலேயே கசியத் தொடங்கி, கட்டாரிலும் குஜராத்திலும் அதை இறக்கக் கேட்டு, இரண்டு துறைமுகமும் எடுக்கவில்லை. கசிகிற கொள்கலனோடுதான் இங்கே வந்தது. நாட்கணக்காக எரிந்து ஜூன் மாதம் மூழ்கியது.

அதிலிருந்து கொட்டியதில் 1,600 டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் மணிகள். வாளி, போத்தல், பை எல்லாம் செய்வதற்கு முன்னால் ஆலைக்குப் போகிற மூலப்பொருள், சவ்வரிசி மாதிரி வெள்ளையாக இருக்கும். சரக்குவ கரையில் அது முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வெள்ளை மணி ஒரு பக்கம், நெருப்பில் உருகிக் கட்டியாகிக் கறுத்தது இன்னொரு பக்கம். பாதுகாப்பு உடை போட்டு ஆட்கள் சல்லடையில் மணலை அரித்தார்கள். மேலே இருப்பதை அள்ளலாம், ஆனால் ஒவ்வொரு அலையும் மணலை அதன்மேல் போட்டு மூடும், தோண்டினால் அடுக்கடுக்காக மணி, மணல், மணி, மணல். இப்போதும் தோண்டினால் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கடலுக்குப் போகத் தடை போட்டார்கள், தடை எடுத்த பிறகும் சனம் மீன் வாங்கப் பயந்தது. எங்கள் அயலில் கருவாடு போட்டுச் சீவித்த பெண்கள் நகையை அடகு வைத்தார்கள்.

2025 ஜூலையில் எங்கள் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புக்கே நான்கு வருடம் ஆனது.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், 2025 மே மாதம் கேரளாவுக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியதே, அந்த மணி உங்கள் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சரக்குவவே திரும்ப வந்த மாதிரி நெஞ்சு பதறியது. இந்த மணியைக் கப்பலில் ஆபத்தான சரக்கு என்று கணக்கில் எடுப்பதில்லை. 2024-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு நல்ல பொதியில் அடைக்க வேண்டும், எங்கே வைத்திருக்கிறது என்று தெரியப்படுத்த வேண்டும் என்றெல்லாம் பரிந்துரை வெளியிட்டது, ஆனால் அது கட்டாயம் இல்லை. கட்டாயமாக்கச் சொல்லி உங்கள் அரசும் எங்கள் அரசும் சேர்ந்து நின்று கேட்க வேண்டும், ஏனென்றால் கப்பல் பாதை இரண்டு பேருடைய கரைக்கும் முன்னால்தான் போகிறது. தம்பி, உங்கள் சங்கத்தில் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களை இந்தப் பக்கம் திருப்புங்கோ. அதற்குக் காசு வேண்டாம், ஆள்தான் வேண்டும்.

பதில்: எடைத்தராசு

கடலூர். அப்பா காயலான் கடை வைத்திருந்தார், இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். பாம்பன் அண்ணன் சொன்னதில் ஒரு வரி என் வாழ்க்கை முழுக்கப் பார்த்தது: ஈயக்குண்டுக்கு விலை இருக்கிறது, வலைக்கு இல்லை.

கேள்வியில் நீங்கள் எழுதிய பட்டியலைத் திரும்பப் படியுங்கள். அதில் தண்ணீர் பாட்டில் இல்லை, கவனித்தீர்களா? பாட்டில் கிடந்தாலும் சூரியன் உதிப்பதற்குள் யாராவது பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஏனென்றால் எங்களைப் போன்ற கடை அதை எடைக்கு வாங்கும். பால் கவரும் அப்படித்தான். கழுவிக் காயவைத்துக் கட்டுக் கட்டாக வீட்டுப் பெண்கள் கொண்டுவருவார்கள், நல்ல விலை போகும். அதே பால் கவரிலிருந்து நறுக்கி எறிகிற முக்கோணம் மட்டும் உங்கள் கரையில் கிடக்கிறது, ஏனென்றால் அதைத் தனியாகப் பொறுக்க யாராலும் முடியாது. (தயவுசெய்து முழுசாக நறுக்காதீர்கள், ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள், கவரோடேயே வந்துவிடும்.)

ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் பாக்கெட், பான் மசாலா பாக்கெட், இதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் இல்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மூன்று பிளாஸ்டிக், சிலதில் நடுவே அலுமினியத் தகடு. பிரித்தெடுக்க முடியாது, உருக்கினால் எதற்கும் உதவாது. ஒரு கிலோ சேர்க்க எத்தனை நூறு பாக்கெட் குனிந்து பொறுக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், சேர்த்தாலும் நான் வாங்க மாட்டேன், வாங்கினால் என்னிடமிருந்து வாங்க ஆள் இல்லை. ஷாம்புவைப் பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்ற யோசனையை 1970-களில் கொண்டுவந்தவர் எங்கள் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். ஏழை வீட்டிலும் ஷாம்பு போட முடிந்தது அதனால்தான், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஐம்பது வருடம் ஆகியும் காலி பாக்கெட்டைத் திரும்ப வாங்க யாரும் வழி செய்யவில்லை என்பது தப்பு.

சட்டம் இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, பாக்கெட் போட்டு விற்கிற கம்பெனி அதே அளவுக்குத் திரும்பச் சேகரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சேகரித்தவரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று. அடுத்த வருடமே போலிச் சான்றிதழ்கள் லட்சக்கணக்கில் பிடிபட்டன. எங்கள் கடை வாசலுக்கு அந்தக் காசில் ஒரு ரூபாய் வந்ததில்லை. இப்போது உள்ளாட்சிகள் சேர்க்கிற பாக்கெட்டுகள் பெரும்பாலும் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளில் எரிக்கப் போகின்றன. கடலுக்குப் போவதை விட அது மேல், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மூரிலேயே சாட்சி இருக்கிறது. நீலகிரியில் உடைந்த மதுபாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று வழக்குப் போய், சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்தது, மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். குடிக்கிறவருக்கு யாரும் விழிப்புணர்வு முகாம் நடத்தவில்லை.

உங்கள் லட்சத்தில் ஒரு பகுதியை எங்களைப் போன்ற ஒரு கடைக்கு, வலைக்கும் பாக்கெட்டுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை தரச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் ஏரியாவில் பொறுக்குகிற அக்காமார்களுக்கு எந்த வடிகாலில் என்ன கிடக்கிறது என்று உங்களை விட நன்றாகத் தெரியும்.

பதில்: வைகைக்கரை

எரிப்பதற்குப் பதில் சாலை போடலாமே? எங்கள் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் 2002-லேயே கல்லூரிக்குள் போட்டுக் காட்டினார், 2006-ல் காப்புரிமை, 2018-ல் பத்மஸ்ரீ. சூடான ஜல்லியில் துண்டாக்கிய கவரைக் கொட்டினால் உருகி ஜல்லிமேல் படியும், அப்புறம் தார். தாரும் கொஞ்சம் மிச்சமாகும். கொல்லத்துக்காரர்கள் செய்ததும் இதுதான்.

பதில்: எடைத்தராசு

செய்யலாம் அண்ணா, நல்ல வேலை அது. ஆனால் அதற்கும் சுத்தமான, காய்ந்த கவர் வேண்டும், அந்த மாதிரிக் கவருக்கு ஏற்கனவே வாங்க ஆள் இருக்கிறது. கடலிலிருந்து வருவது உப்பும் மணலும் பாசியும் பிடித்து வரும், கழுவிக் காய வைக்கிற கூலி யார் கொடுப்பது என்பதில்தான் நிற்கிறது. அப்புறம் எல்லாப் பாக்கெட்டையும் அதில் போட முடியாது, பி.வி.சி. கலந்தால் சூட்டில் விஷவாயு வரும்.

பதில்: மணலி நண்பன்

எல்லாம் சரி, ஆனால் இத்தனை பேரும் கரையில் நின்றே பேசுகிறீர்கள். 2019-ல் உலகம் முழுக்க உற்பத்தியான பிளாஸ்டிக் 46 கோடி டன், குப்பையாவதில் மறுசுழற்சி ஆவது 9 சதவீதம்தான், இது வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்கு. காயலான் கடை எத்தனை திறந்தாலும் உற்பத்தி இதே வேகத்தில் ஏறினால் ஈடு கொடுக்க முடியாது. 2022-ல் நாடுகள் எல்லாம் கூடிப் பிளாஸ்டிக் மாசுக்கு எதிராக ஒப்பந்தம் போடுவதாக முடிவு செய்தன, 2024 கடைசியில் தென்கொரியாவின் பூசானில் கூடியபோது முடியவில்லை, 2025 ஆகஸ்ட்டில் ஜெனிவாவிலும் முடியவில்லை. உற்பத்திக்கு உச்சவரம்பு வேண்டும் என்று ஒரு பக்கம், குப்பையை மட்டும் பேசுவோம் என்று எண்ணெய் வள நாடுகள் இன்னொரு பக்கம். நம் நாடும் உச்சவரம்பை ஏற்கவில்லை. நான் மணலியில் பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்கு நடுவே வளர்ந்தவன், வேலைவாய்ப்பு என்ன என்று எனக்குத் தெரியும், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கென்றே செய்வதைக் குறைக்காமல் வலையும் சல்லடையும் வாங்கிக்கொண்டே இருப்பது கடற்கரைச் சனங்கள் தலையில் சுமையைக் கட்டுவது. தமிழ்நாட்டில் 14 பொருளுக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தடை, மஞ்சப்பைத் திட்டம் 2021 டிசம்பரில். பூக்கடையில், இறைச்சிக்கடையில் போய்ப் பாருங்கள், கவர் இல்லாமல் கொடுக்கிறார்களா? தடை போட்டால் மாற்று அதே விலைக்குக் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூக்கார அம்மாவுக்கு அபராதம் போடுவதோடு முடிந்துவிடும்.

பதில்: அடையாறுவாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீர்கொழும்பு அக்கா எழுதியதைச் சங்கத்தில் வாசித்துக் காட்டினேன், ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் கப்பல் விதிகளைப் படித்து மனு எழுதுகிறேன் என்று தானே முன்வந்தார். மணலி நண்பர் சொல்வதும் சரிதான், ஆனால் எங்கள் தொகைக்கு ஜெனிவாவில் வேலை இல்லை, இங்கே இருக்கிறது.

இப்போதைக்கு முடிவானது: பசிபிக் வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் எங்கள் மூன்று தெருக்களின் வடிகால் வாயில் கம்பிவலைத் தடுப்பு போட மாநகராட்சியிடம் அனுமதி கேட்கிறோம், மழை முடியும் வரை அதைத் தினமும் அள்ளுகிற இரண்டு பேருக்குச் சம்பளம் எங்கள் பொறுப்பு. மிச்சத்தை வைத்துப் பக்கத்துக் குப்பத்தில் பழைய வலை எடைக்கு வாங்கலாம் என்று ஆசை. இதில் எனக்கு ஒன்றும் தெரியாது. பாம்பன் நண்பரே, எப்படி ஆரம்பிப்பது?

பதில்: பாம்பன் பாலத்தடி

முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பாருங்கள். அவர்களை விட்டுவிட்டு நேராகப் படகுக்காரரிடம் போனால் வேலை நடக்காது. கேமராவோடு போகாதீர்கள், உங்கள் வலைதான் ஆமையைக் கொல்கிறது என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள்.

வலையைக் காய்ந்ததாக மட்டும் வாங்குங்கள், ஈர வலை மணலும் தண்ணீருமாக இரண்டு மடங்கு எடை நிற்கும், அப்புறம் உங்களுக்கும் அவர்களுக்கும் மனஸ்தாபம். தங்கூசி வலை, இழுவை மடி, கயிறு மூன்றையும் வேறு வேறு சாக்கில் போடச் சொல்லுங்கள். தங்கூசி நைலான், மடி பெரும்பாலும் எச்.டி.பி.இ. என்கிற வேறு வகைப் பிளாஸ்டிக், கலந்துவிட்டால் வாங்குகிற ஆலை எடுக்காது. கடலூர் அக்காவிடம் கேட்டால் எந்த ஆலை எதை வாங்கும் என்று சொல்வார்கள்.

விலையை ரொம்பக் கூட்டி வைக்க வேண்டாம். கூட்டினால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டக்கூடிய வலையையும் கொண்டு வந்து போடுவார்கள். கொளுத்துவதை விடக் கொண்டு வந்து கொடுப்பது மேல் என்று தோன்றுகிற அளவுக்கு இருந்தால் போதும். நண்டு வலை கழிக்கிற பெண்களிடம் நேராகப் பேசுங்கள், அந்தக் காசு அவர்கள் கையில் கிடைக்கட்டும். கடலில் வலை போய்விட்டது என்று யாராவது சொன்னால் எந்த இடம் என்று மட்டும் கேட்டு எழுதி வையுங்கள், ஏன் போனது என்று விசாரிக்க ஆரம்பித்தால் அடுத்த ஆள் சொல்லமாட்டான். இடம் தெரிந்தால் முக்குளிக்கிற ஆட்களை வைத்துப் பிறகு எடுக்கலாம்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போதுதான் விசைப்படகுக்காரர்கள் மடியெல்லாம் பிரித்துப் பார்த்துச் சரிசெய்வார்கள், கழிவு வலை நிறைய விழும். காசிமேட்டுப் பக்கம் கேட்பதானால் தராசையும் சாக்கையும் அதற்கு முன்னால் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். குப்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள், அன்றைக்கு மீன் வியாபாரம், யாருக்கும் பேச நேரம் இருக்காது. வார நாளில் மதியம், வலை பின்னுகிற நேரம் போனால் உட்கார்ந்து பேசுவார்கள்.